அடிக்கடல் இழுத்த படகு

“வடக்கே திருப்புங்க, அண்ணே!” என்று கத்தினாள் வேதவல்லி.

விசைப்படகின் சுக்கானைப் பிடித்திருந்த குப்புராஜ் திகைத்துத் திரும்பினார். நாகப்பட்டினத்திலிருந்து தேடக் கிளம்பிய இருபது படகுகளும் தெற்கே போய்க்கொண்டிருந்தன. மார்கழியில் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடும். இஞ்சின் நின்றுபோன படகு வேறு எங்கே போகும்?

“காணாமப் போனது உன் அண்ணன், வேதா. விளையாட்டு இல்ல!”

“அதனாலதான் சொல்றேன்! அண்ணன் கடைசியாப் பேசுன இடத்துல நிறுத்துங்க, அளந்து காட்டுறேன்!”

அவள் அண்ணன் சௌரிராஜனும் அவருடைய கூட்டாளியும் தங்கள் நீலப் படகோடு காணாமல் போய் அன்று மூன்றாம் நாள். வயர்லெஸ்ஸில் கடைசியாக வந்த சொற்கள் அவள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன: ‘இஞ்சின் படுத்துருச்சு. படகு ஓடாம இருக்க, வலையெல்லாம் ஒண்ணாக் கட்டி ஆழத்துல தொங்கவிட்டிருக்கேன்.’

கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளப்பதுதான் ஆய்வு நிலையத்தில் வேதவல்லியின் வேலை. அந்தக் கருவிகளோடுதான் படகேறியிருந்தாள்.

கடைசிச் செய்தி வந்த இடத்தில் படகு நின்றது. மாதிரி எடுக்கும் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். பதினைந்து மீட்டர்; மேலே இருந்த அதே தண்ணீர். முப்பது, அதேதான். ஐம்பது!

“இருபத்தெட்டு டிகிரி! மேல இருபத்தஞ்சுதான். உப்பும் அதிகம்!”

“குளுந்த தண்ணிதானே அக்கா கனம்? அது மேலயும் சூடு அடியிலயுமா இருக்கும்?” என்றான் படகு வேலையாள் லூர்து.

“வடக்கே ஆறுங்க கொட்டுன மழைத்தண்ணி கலந்திருக்கு, லூர்து. உப்பு கம்மி. அதனால குளுந்திருந்தும் லேசா மேல மிதந்து தெற்கே ஓடுது. அடியில இருக்கிறது உப்புத் தண்ணி. சூடா இருந்தாலும் கனம். ரெண்டும் கலக்கல. அடித்தண்ணி வேற பக்கம் ஓடுனா, வலை அந்தப் பக்கந்தான் இழுக்கும்!”

“ஓடுனா-ன்னுதானே சொல்ற?” குப்புராஜ் உறுமினார். “எனக்குக் கண்ணால பாக்கணும்.”

மீன்கூடையில் கல்லை நிரப்பினார்கள். அறுபது மீட்டர் கயிற்றில் இறக்கி, மேல்முனையில் காலி டீசல் கேனைக் கட்டி விட்டார்கள். நுரையும் சருகும் தெற்கே மிதந்து போயின. கேன் மட்டும் தயங்கியது, ஆடியது, பிறகு நுரையைக் கிழித்துக்கொண்டு வடக்கே நகர்ந்தது!

“மாதாவே!” லூர்து சிலுவை போட்டுக்கொண்டான்.

குப்புராஜ் சுக்கானை ஒடித்துத் திருப்பினார்.

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். வெறும் தண்ணீர்! வேதவல்லியால் உட்கார முடியவில்லை. படகின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தப்பாகக் கணக்கிட்டிருந்தால்? அண்ணன் தெற்கேயே இருந்தால்?

“டீசல் பாதிக்கு வந்துருச்சு. இன்னும் அரைமணி. அப்புறம் திரும்பியாகணும்” என்றார் குப்புராஜ்.

“கூடையை இன்னொரு தடவை இறக்குங்க!”

இந்த முறை கேன் நேர் வடக்கே போகவில்லை; வடகிழக்கே சாய்ந்தது. அடிநீர் இங்கே ஆழ்கடல் பக்கம் திரும்பியிருந்தது. அதன் பின்னாலேயே படகும் திரும்பியது.

இருபதாவது நிமிடத்தில் லூர்து கூரைமேல் ஏறிக் குதித்தான். “நீலப் படகு! அந்தா! நீலப் படகு!”

படகு ஒரு பக்கம் சாய்ந்து, வலையைக் கட்டியிருந்த கயிறு விறைத்து நீருக்குள் போயிருந்தது. கூட்டாளி சட்டையை வீசி ஆட்டினார். சௌரிராஜன் உதடு வெடித்து, கண் சிவந்து கிடந்தார். வேதவல்லி தாவிக் குதித்து அவர் வாயில் தண்ணீரை ஊற்றினாள்.

“மெதுவா, அண்ணே… மெதுவா.”

“நேத்து ஹெலிகாப்டர் தெற்கே போனதைப் பாத்தோம், வேதா,” என்றார் அவர். “நாங்க எதிர்ப்பக்கம் போறோம்னு தெரிஞ்சுது. ஏன்னுதான் தெரியல. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்.”

வேதவல்லி அதுவரை அடக்கிவைத்த அழுகையெல்லாம் அவர் தோளில் கொட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் நீலப் படகை இழுத்துக்கொண்டு அவர்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, ஊரே படகுத்துறையில் நின்று ஆர்ப்பரித்தது. தெற்கே போன படகுக்காரர்கள் குப்புராஜைச் சூழ்ந்துகொண்டார்கள். “எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? முப்பது வருச அனுபவமா?”

குப்புராஜ் தலையை ஆட்டினார்.

“முப்பது வருசமா மேல ஓடுற கடலைத்தான்டா பாத்திருக்கேன். அதுக்கு அடியில இன்னொரு கடல் ஓடுது. அதை இந்தப் பொண்ணு காட்டுச்சு.”