முந்நூறு கையெழுத்து

மழைக்கு ஒதுங்குகிறவன் ஒதுங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே! தலையைக்கூடத் துவட்டாமல் நேரே உள்ளே போய்ப் பீரங்கிக் குண்டைத் தடவிப் பார்க்கிறான்... குணசுந்தரிக்கு அப்போதே பொறி தட்டியது.

அறுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி அது. மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி இரண்டே அறைகளில் ஒரு மியூசியம். டீச்சர் குணசுந்தரியும் கம்பவுண்டர் சுப்பராயலுவும் இன்னும் நாலு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழஞ்சாமான்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தது. சம்பளமில்லை, ஞாயிறு மட்டும் திறப்பு. இடம் கொடுத்த கட்டடக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்: கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்குள் முந்நூறு பேர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாவிட்டால் அறைகளைக் காலி செய்ய வேண்டும்.

வந்தவன் நோட்டில் 'நடனசபாபதி, சிதம்பரம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி... உள்ளே சிரிக்கிற கண்கள். அந்தக் கண்களைத்தான் அவள் நம்பவில்லை. புதுச்சேரி வியாபாரிகள் பழம்பொருளைத் திருடிவர ஆள் வைத்துத் தேடுகிறார்களாமே!

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். அவன் போனதும் அவள் சாமான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். ஒன்றும் குறையாது. குறையாததே சந்தேகத்தைக் கூட்டியது. ஆள் நல்லவனாகத்தான் தெரிகிறான் என்றார் சுப்பராயலு. நல்லவன் எதற்கு ரயிலேறி வந்து ஒரே மண்தாழியை ஐந்து வாரமாகப் பார்க்கிறான்?

ஆறாவது ஞாயிறு பிடிபட்டான். திருடியதற்காக அல்ல, சேர்த்ததற்காக! நோட்டில் பதினோரு பெயர், பதினோரு ஊர்... எழுத்து மட்டும் ஒரே எழுத்து.

"ஆள் கொறஞ்சா பூட்டிடுவாங்கன்னு அன்னைக்கு நீங்கதானே கம்பவுண்டர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க, டீச்சர்..." என்றான்.

"இங்க இருக்குற ஒவ்வொரு சாமானுக்கும் எந்த ஊரு, யாரு குடுத்ததுன்னு விசாரிச்சு எழுதி வச்சிருக்கோம். இந்த நோட்டு பொய்னா மத்ததை எவன் நம்புவான்?"

அவன் கண்ணெதிரிலேயே பதினொன்றையும் சிவப்பு மையால் அடித்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோபம்தான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

கடைசி ஞாயிறு. கொட்டுகிற மழை. இன்னும் பதினோரு பேர் வேண்டும். ஒரு ஈ காக்கை வரவில்லை. நாலு மணிக்கு வாசலில் குடைகள் தெரிந்தன. நடனசபாபதி! பின்னால் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் பதினாலு பேர். ஆள் பிடித்து வந்திருக்கிறானா? ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பெயர், ஊர், தகப்பனார் பெயர் என்று குடைந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பதின்மூன்று கையெழுத்து, ஒரு கைநாட்டு. முந்நூறைத் தாண்டியாயிற்று.

கைநாட்டு வைத்த அம்மாள், ரத்தினம்மாள், விரல் மையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் பாத்தாச்சு. பொண்ணு எங்கம்மா?"

"எந்தப் பொண்ணு?"

"பொண்ணு பாக்கப் போறோம்னுதானே எம்மவன் இத்தினி பேரையும் ரயிலேத்திக் கூட்டியாந்தான்?"

அப்போதுதான் பூவும் பழமும் வைத்த தட்டு குணசுந்தரியின் கண்ணில் பட்டது. முகம் ஜிவ்வென்று சிவந்தது. அவனைத் தாழிக்குப் பின்னால் தனியாக இழுத்துப் போனாள். கணக்குக்கு ஆள் சேர்க்க இதுவும் ஒரு பொய்யா?

"நோட்டுல எழுதினதுதான் பொய். அவுங்ககிட்ட சொன்னது நெசம்..." என்றான் அவன். "உங்க அப்பாகிட்டதான் மொதல்ல கேட்டிருக்கணும். மழைக்கு ஒதுங்கின அன்னிலேருந்து உங்கள நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன். வேணாம்னா சொல்லிடுங்க, இப்படியே திரும்பிடறோம். கையெழுத்து மட்டும் இருக்கட்டும்."

அவள் அவன் கண்களையே உற்றுப் பார்த்தாள். ஏழு வாரமாகத் துருவித் துருவிப் பார்த்த கண்கள்... இன்று ஒரு குறையும் அகப்படவில்லை.

"அப்பா வீட்டுலதான் இருக்காரு. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, பூட்டிட்டு வந்துடறேன்," என்றவள், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு... அதனாலதான் அவ்வளவு சந்தேகப்பட்டேன்."