காலி வீட்டில் எண்ணும் குரல்

தானே புயல் அடித்து ஓராண்டு ஆகியிருந்த மார்கழி. காலை ஆறு மணியாகியும் நெய்வேலி டவுன்ஷிப்பில் பனி விலகவில்லை. அந்தப் பனிக்குள் ஒரு சிறுமி தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் இசைப்பிரியா, ஆறாம் வகுப்பு. சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறியும்வரை பள்ளியின் ரிலே அணியில் இருந்தவள். மாவுக்கட்டுப் பிரித்த பிறகு மைதானத்துக்கு ஒரே ஒரு நாள் போனாள். பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். "எறும்புகூட முந்திடும்!" என்று அவள் வகுப்புக் கார்முகில் சிரித்தான். போதாதா? அன்றிலிருந்து மைதானத்தின் பக்கமே அவள் போகவில்லை. யாரும் பார்க்காத பின் தெருவில் ஓட ஆரம்பித்தாள்.

அந்த ஓட்டமும் தினமும் கடைசி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுபோகும். அதற்குமேல் மூச்சு இல்லை. மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்களே, அந்த வீடு காலியாகக் கிடந்தது. முன்கதவில் பூட்டுத் தொங்கியது.

ஒரு நாள் அங்கே குனிந்து மூச்சு வாங்கும்போது, உள்ளே யாரோ எண்ணுவது கேட்டது.

"பத்து... பதினொன்னு... பன்னண்டு..."

அதோடு நின்றது. ஒரு முனகல். மறுபடியும், "ஒன்னு..."

அன்று அவள் வீட்டுக்கு ஓடிய வேகத்தை யாராவது பார்த்திருந்தால் உடனே அணியில் சேர்த்திருப்பார்கள்.

"அம்மா, அந்தக் காலி வூட்டுல யாரோ எண்ணுறாங்க!"

"காலி வூட்டுல எண்ண என்னடி இருக்கு?" அம்மா உமாராணி தோசையைத் திருப்பினாள். "பனியில ஓடிக்கினு இருந்தா காது அடைச்சுக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கினு போ."

மறுநாளும் அதே குரல். அதற்கு மறுநாளும். பன்னிரண்டை அது தாண்டவே இல்லை. இசைப்பிரியாவுக்குப் பயம்தான். ஆனால் அந்த முனகல் அவளுக்குத் தெரிந்த முனகல். மைதானத்தில் உட்கார்ந்த அன்று அவளும் அப்படித்தான் முனகினாள். உள்ளே இருப்பது எதுவானாலும், பாவம், அதற்கும் முடியவில்லை.

நான்காம் நாள் பின்பக்கம் போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

அது அவள் வீடேதான்! டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. அதே சமையல் மேடை, அடுப்பு இல்லை. அதே ஜன்னல், அம்மா இல்லை. இருட்டிலும் எதிலும் இடிக்காமல் அவளால் நடக்க முடிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எல்லோரும் அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டதுபோல இருந்தது.

அவள் கட்டில் இருக்கவேண்டிய அறையிலிருந்து குரல் வந்தது.

"பதினொன்னு... பன்னண்டு..."

நின்றது. இசைப்பிரியா அறை வாசல்வரை போனாள். மெல்லச் சொன்னாள்: "பதிமூணு."

"ஐயோ! யாரு?" என்று அலறியது குரல்.

"ஐயோ!" என்று அலறினாள் இசைப்பிரியா.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சந்திரகலா டீச்சர். அவளுடைய பி.டி. டீச்சரேதான்! முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாக லீவில் இருப்பவர்.

"நீயா? பேயின்னு நெனச்சிட்டேன்டி!"

"நானும்தான் டீச்சர். இங்க என்ன பண்றீங்க?"

"இது எனக்கு அலாட் ஆன வீடு. தை பொறந்ததும் குடி வரணும். டாக்டர் தினமும் இருபது தடவை பாதி உக்காந்து எழுந்திருக்கச் சொன்னாரு. யாரும் பாக்காம பின்வாசல் வழியா வந்து பண்றேன். பன்னண்டுக்கு மேல முடியல." டீச்சரின் கண் கலங்கியது. "பி.டி. டீச்சர் இப்படி முனகுறதப் பாத்தா பசங்க சிரிக்க மாட்டாங்களா?"

இசைப்பிரியா சிரிக்கவில்லை. "நான் எண்ணுறேன் டீச்சர். எண்ணுற மூச்சாவது உங்களுக்கு மிச்சமாகும்."

அன்று பதினாலு. ஒரு வாரத்தில் இருபது.

"டீச்சர், மைதானத்துக்குப் போலாமா?" என்றாள் இசைப்பிரியா. "தனியாப் போனா எல்லாரும் ஒருத்தரையே பாத்துச் சிரிப்பாங்க. ரெண்டு பேராப் போனா ஆளுக்குப் பாதிதான்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அன்று மாலையே போனார்கள். கார்முகில் சிரித்தான், இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள். டீச்சர் நொண்டியபடி நடந்தார். இசைப்பிரியா ஓடினாள். பாதிச் சுற்றில் மூச்சு முட்டியது. வேகத்தைக் குறைத்தாள், உட்காரவில்லை. சுற்று முடியும் வெள்ளைக் கோடு வந்தது. அதைத் தாண்டி, இன்னும் நாலடி கூடுதலாகவே ஓடினாள்.