வடக்கு வளைவில் ஒரு மண்டபம்

திங்கட்கிழமை காலை வாரியக் கூட்டத்துக்கு ஆறு வழக்கம்போல் நேரத்துக்கு வந்துவிட்டது. மற்ற உறுப்பினர்கள்தான் தாமதம்.

மருதம் என்ற அந்தக் கோளில் இதில் யாருக்கும் அதிசயமில்லை. பூமியின் ஆறுகளையெல்லாம் தொலைத்துவிட்டு வந்தவர்கள், இங்கே பனிப்பாறைகளை உருக்கி ஒரே ஓர் ஆற்றை உண்டாக்கினார்கள். பழைய தவறு மறுபடி நடக்கக்கூடாது என்று, செவ்வாறு என்ற அந்த ஆற்றையே நகர வாரியத்தில் உறுப்பினராக்கினார்கள். படுகை முழுவதும் உணர்முட்கள் புதைக்கப்பட்டிருந்தன. நீரின் வேகம், வெப்பம், மணலின் ஈரம் எல்லாவற்றையும் அவை திரட்டி ஓடைச்சில்லுக்கு அனுப்பும். அந்தச் சில்லு, ஆற்றின் குரலாக அமர்த்தப்பட்ட தில்லைநாயகியின் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் இருந்தது. ஆற்றுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் வாய் வழியே சொல்லும். அப்போது குறுக்கே பேசுவது சட்டப்படி குற்றம். கேட்டு நடப்பது பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

ஆற்றின் இரு கரைகளும் காப்புவழி. ஆற்றின் நலனுக்காக அன்றி அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. எனவே ஆற்றின் நலனுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டாமா? பூங்கா வந்தது. பூங்காவுக்கு வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? அதற்கும் இடம் வந்தது. வாரிய அலுவலகம் பக்கத்தில் இருந்தால்தானே அக்கறை இருக்கும் என்று அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. மிச்சம் இருந்தது வடக்கு வளைவு மட்டும். அங்கேதான் மணல் திறந்து கிடந்தது. நீர் அதற்குள் இறங்கி, அடியில் தங்கி, கோடையில் மேலே வந்து ஆற்றை ஓட வைத்தது.

ஆறு உறுப்பினராகிப் பத்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதைக் கொண்டாட வடக்கு வளைவில் ஆற்றுக்கு ஒரு மணிமண்டபம். இதுதான் அன்றைய தீர்மானம்.

"மண்டபம் ஆத்துக்காகத்தான். அதனால சட்டச் சிக்கலே கிடையாது," என்றார் தலைவர் அறவாழி.

தில்லைநாயகியின் குரல் கனத்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"இங்கே எதையும் கட்டாதீர்கள். இது நான் மூச்சு விடும் இடம். மூடினால் நின்றுவிடுவேன்," என்றது ஆறு.

அறவாழி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"என்ன வார்த்தை! கேட்டீங்களா?" என்றார். "இதைக் கல்லுல பொறிக்கணும். மண்டப வாசல்லயே."

"நெஞ்சைப் பிசையுது தலைவரே," என்றார் உறுப்பினர் குழல்மொழி.

தில்லைநாயகி பதறிப்போய்த் தன் சொந்தக் குரலில் பேசினாள். "சார், அது கவிதை இல்ல. நிஜமாவே தண்ணி நின்னுடும். மணல் காயுறது இப்பவே என் தொண்டையில தெரியுது."

"உங்க கஷ்டம் புரியுதும்மா. இத்தனை வருஷமா சுமக்குறீங்க. மேடையில உங்களுக்கும் ஒரு பொன்னாடை உண்டு."

"பொன்னாடை வேணாம் சார். வளைவை மட்டும் விட்டுடுங்க."

"சின்ன மண்டபம்தாம்மா."

மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆற்றின் ஒற்றை எதிர்வாக்கு, எப்போதும்போல, மிகுந்த மரியாதையுடன் பதிவு செய்யப்பட்டது.

வளைவில் தூண்கள் இறங்கியபோது ஒவ்வொன்றும் தில்லைநாயகியின் தொண்டையில் இறங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. ஒருநாள் வேலை நடக்கும் இடத்தில் போய்க் குறுக்கே நின்றாள். ஆற்றம்மா வந்திருக்கிறார் என்று நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, தலைக்கவசமும் மாட்டிவிட்டார்கள். அவர்கள்மீது அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

கோடை பிறந்த ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, காதுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு நின்றது. காதுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். பிறகு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அறவாழியிடம் ஓடினாள். "ஆறு நின்னுடுச்சு சார்."

"விழா முடியட்டும்மா, பார்த்துக்கலாம்," என்றார் அவர், பந்தல்காரரைத் தேடியபடி.

திறப்பு விழாவுக்கு நகரமே திரண்டது. மண்டபத்தின் நடுவில் நீரூற்று. அதற்குத் தண்ணீர் லாரியில் வந்திருந்தது. தில்லைநாயகிக்குப் பொன்னாடை போர்த்தி, ஆறு சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவள் ஒலிவாங்கி முன்னால் நின்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

அறவாழி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "பாருங்க! ஆத்துக்குப் பேச்சே வரல. அவ்வளவு நெகிழ்ச்சி!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. "ஆறே இல்லைங்க," என்று அவள் சொன்னது முன்வரிசையைக்கூட எட்டவில்லை. அதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

மேடையை விட்டு இறங்கி, வாசலில் இருந்த பளிங்குக் கல்லின்மேல் சாய்ந்துகொண்டாள். முதுகில் எழுத்துகள் உறுத்தவே திரும்பிப் பார்த்தாள். 'இங்கே எதையும் கட்டாதீர்கள். இது நான் மூச்சு விடும் இடம்' என்று பொன்னெழுத்தில் மின்னியது. மூன்றாவது வாக்கியத்துக்குக் கல்லில் இடம் போதவில்லையாம்.

கல்லுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை நின்றது. முதலில் நின்ற குடும்பத்தலைவி பிள்ளைகளை நிறுத்தி, புடவையைச் சரிசெய்துகொண்டு, தில்லைநாயகியைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். எழுத்து மறையுது."