மாப்பிள்ளைக்குப் புதுசு

"கழட்டுங்க...! அய்யோ ஆதர்ஷ், கழட்டுங்க...!"

கரையில் நின்று ஹர்ஷிணி போட்ட அலறலில், குப்பைத் தொட்டிக்குள் காலி சிப்ஸ் பாக்கெட்டை நக்கிக்கொண்டிருந்த குரங்குகள் சிதறி ஓடின.

நடுத்தண்ணீரில் அவள் கணவன் கையை ஆட்டினான்.

இன்னொரு முறை ஆட்டினான்.

அப்புறம் கையும் இல்லை!

* * *

ஆனைமலை அடிவாரம். ஆதர்ஷ் லேக் ரிசார்ட்.

லேக் என்பதெல்லாம் விளம்பரத்துக்கு. உண்மையில் அது கைவிடப்பட்ட கல்குவாரிக் குழி. மழைத் தண்ணீர் நின்றது. நீலமாய்த் தெரிந்தது. அன்னப் பறவைப் படகு, மூங்கில் பரிசல், செல்ஃபி எடுக்க ஓர் ஊஞ்சல்... போதாதா? ஏப்ரல், மே முழுக்கக் கோயமுத்தூரே குழந்தை குட்டிகளோடு வந்து விழுந்தது.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. கடைசிக் காரும் காலையிலேயே போய்விட்டது. மலைப்பக்கமிருந்து சாரல் அடிக்க ஆரம்பித்திருந்தது. அன்னப் படகுகளைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியாயிற்று.

சீசன் முடிந்தது.

ஆதர்ஷும் முடிந்தான்.

இன்ஸ்பெக்டர் கிளாடிஸ் ஜீப்பை விட்டு இறங்கினாள். பின்னாலேயே கான்ஸ்டபிள் கதிர்வேல். போன மாதம்தான் கல்யாணம் ஆனவன்.

"மேடம்... அந்த லீவு விஷயமுங்க..."

"எந்த லீவு?"

"ஞாயித்துக்கிழமை காங்கேயத்துல மாமனார் ஊட்டு விருந்துங்க. புது மாப்பிள்ளை நானு... போகாட்டி மரியாதையா இருக்காதுங்க."

"முதல்ல செத்த மாப்பிள்ளையைப் பார்ப்போம். அப்புறம் உங்க விருந்தைப் பார்க்கலாம்."

அசடு வழிந்தபடி நடந்த கதிர்வேல், கரையில் கிடந்த ஒரு ஜோடி ஷூவில் தடுக்கி விழப் பார்த்தான். பக்கத்தில் ஒரு ஜோடி தோல் செருப்பு.

"கீழ பார்த்து நடங்க!"

தீயணைப்புக்காரர்கள் உடலை வெளியே எடுத்துப் பாறைமேல் கிடத்தியிருந்தார்கள். கிளாடிஸ் குனிந்து பார்த்தாள்... அவள் புருவம் மேலே ஏறியது.

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் எப்படிங்க முங்கிச் சாவாரு...?"



ஆரஞ்சு நிற ஜாக்கெட். புத்தம் புதுசு. ஆனால் பூரி போல் உப்பி, ஆதர்ஷின் மார்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"அந்த பக்கிளை எடுங்க."

கதிர்வேல் பல்லைக் கடித்து இழுத்தான். "வரமாட்டேங்குதுங்க மேடம். இறுகிப் போச்சு!"

"அறுங்க."

கத்தி பட்டதும் பட்டை தெறித்தது. தையல் பிளந்தது. உள்ளே வெள்ளை ஃபோம் இல்லை! பழுப்பு நிறத்தில் ஈரத்தூள் சதசதவென்று பாறையில் கொட்டியது.

கதிர்வேல் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான். கண்கள் விரிந்தன.

"மேடம்... நார்க்கழிவுங்க! கயிறு மில்லுல தேங்கா நார் எடுத்தப்புறம் மிஞ்சுற தூளு. செங்கல்லு மாதிரி அமுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்கள்ல, அது! ஒரு சின்னக் கட்டியை வாளித் தண்ணில போட்டா வாளியே ரொம்பிப்போகும்."

"அப்போ தண்ணி பட்டதும் ஊதியிருக்கு..."

"ஊதி நெஞ்சை நெரிச்சிருக்குங்க. பக்கிளையும் எடுக்க விடலை. மூச்சு விடவும் விடலை."

கிளாடிஸ் நிமிர்ந்தாள்.

"மிதக்க வைக்க வேண்டியதை வெச்சே முக்கியிருக்காங்க. ஆக்ஸிடெண்ட் இல்லைங்க கதிர்வேல்... கொலை!"

* * *

பிளாஸ்டிக் சேரில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார் கண்ணையா. ரிசார்ட்டுக்கு முதலாளி. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் வேறு. செத்தவனுக்கு மாமனார். அவர் போட்டிருந்த வெளுத்துப்போன பழைய ஜாக்கெட் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீசன் முடிஞ்சா பரிசலுக்குப் பூஜை போடுவனுங்க. நானே துடுப்புப் போட்டு நடுவால போயி, தண்ணிக்குப் பாலும் பூவும் விட்டுப்போட்டு வருவேன். வருஷா வருஷம் தனியாத்தானுங்க போவேன்."

"இன்னைக்கு மட்டும் மாப்பிள்ளை எப்படி வந்தாரு?"

"கெஸ்ட்டை ஏர்போர்ட்டுல விடறேன்னு கிளம்பினவருங்க. கேட் தாண்டினதும் அவங்களே கால் டாக்சி புடிச்சுட்டாங்களாம். திரும்பி வந்துட்டாரு. 'வாங்க மாப்பிள்ளை, ஒரு ரவுண்டு போலாம்'னு நாந்தானுங்க கூப்பிட்டேன்... நாந்தானுங்க..."

பெரியவர் உடைந்து அழுதார்.

"நடுவுல போனதும் அடியில தண்ணி பொங்குச்சுங்க. என்னன்னு பார்க்கறதுக்குள்ள கவுந்துபோச்சு. எங்க ஆளு வேலன் நீந்தியாந்தான். 'மாமாவை முதல்ல கூட்டிட்டுப் போங்க, எனக்குத்தான் புது ஜாக்கெட் இருக்குதே'ன்னு சொன்னாருங்க மாப்பிள்ளை..."

மரியாதை தெரிந்த மாப்பிள்ளை. அந்த மரியாதையோடேயே அடிக்குப் போய்விட்டான்.

"வேலனைப் புடிங்க மேடம்!"

ரிசப்ஷன் படியில் தலைவிரிகோலமாய் உட்கார்ந்திருந்த ஹர்ஷிணி எழுந்து வந்தாள். கண்ணையாவின் ஒரே மகள். கை நீட்டிக் காட்டினாள். அங்கே ஈர டிராயரோடு நின்றிருந்தான் பரிசல்காரன் வேலன்.

"நேத்துப் பரிசலுக்குத் தார் பூசினது அவன்தான்! செடிகளுக்குப் போடற நார்க்கழிவுக் கட்டியெல்லாம் அவன் படுக்கற ஷெட்டுலதான் கிடக்குது. சீசன் முடிஞ்சதும் வேலைக்கு வேண்டாம்னு நைனா சொல்லிட்டாரு. அன்னையில இருந்து முறைச்சுக்கிட்டேதான் திரிஞ்சான்!"

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

வேலன் சாஷ்டாங்கமாய் விழுந்தான். "அய்யோ அம்மணி...! எம்புள்ளைங்க மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க...!"

கதிர்வேல் அவன் கழுத்தில் கை வைத்தாகிவிட்டது. "நட ஜீப்புக்கு!"

தார் பூசியவன் அவன். தூள் இருந்ததும் அவன் ஷெட்டில். விரல் நீட்டுவதோ முதலாளி மகள். தப்பிக்க வழியே இல்லை என்பது வேலனுக்கே புரிந்துபோனது. ஆயுள் தண்டனை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கிளாடிஸ்.

கரைக்கு இழுத்துப் போட்டிருந்த பரிசலைச் சுற்றி வந்தாள். அடியில் ஓர் ஓட்டை. மூங்கில் பத்தைகளை யாரோ கத்தியால் அறுத்திருந்தார்கள். ஓரத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள். நாக்கு நுனியில் வைத்தாள்.

"மேடம்! எவிடென்ஸை நக்கறீங்க!"

"இனிக்குதுங்க."

"என்னது?"

"வெல்லம்! ஓட்டையை வெல்லத்தால அடைச்சு, மேலாப்புல கரியைத் தேய்ச்சு விட்டிருக்காங்க. கரையில தெரியாது. நடுவுக்குப் போறதுக்குள்ள கரைஞ்சுபோகும்." திரும்பினாள். "வேலா, பரிசல் கவுந்தப்ப எங்கிருந்தே?"

"மெயின் கேட்டுலங்க. 'சம்மர் ஸ்பெஷல்' பேனரை அவுத்துட்டு இருந்தேன்."

"யாரு அவுக்கச் சொன்னது?"

"அம்மணிதானுங்க. பூஜை முடியறதுக்குள்ள அவுத்துப்போடோணும்னு சொன்னாங்க. அம்மணி கத்துன சத்தம் கேட்டுத்தானுங்க ஓடியாந்தேன்."

"என்னன்னு கத்தினாங்க?"

"'கழட்டுங்க, கழட்டுங்க'ன்னு..."

கிளாடிஸ் மெதுவாய் நடந்து ஹர்ஷிணி முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க... எதைக் கழட்டச் சொன்னீங்க?"

ஹர்ஷிணி கலைந்த தலைமுடியை ஒதுக்கினாள்.

"ஷூ... ஷூவைங்க மேடம். தண்ணிக்குள்ள கனமா இருக்குமில்ல? அதான்..."

"ஷூவை?"

"ஆமாங்க."

"கதிர்வேல்!"

"மேடம்?"

"வந்ததும் நீங்க எதுல தடுக்கினீங்க?"

"அது... ஷூவுலங்..." கதிர்வேலின் வாய் திறந்தபடியே நின்றது.

கண்ணையா விவரம் புரியாமல் தலையைத் தூக்கினார். "பூஜைப் பரிசலுங்க அது. காலுல செருப்போட யாரும் ஏறமாட்டோம். மாப்பிள்ளை ஷூவைக் கரையிலயே விட்டுப்போட்டுத்தான் வந்தாரு. ஏனுங்க?"

பாறைமேல் ஆதர்ஷின் வெறுங்கால்கள்.

ஹர்ஷிணி அவற்றைப் பார்த்தாள். ஓரடி பின்னால் வைத்தாள்.

"தண்ணில தத்தளிக்கிற புருஷனைப் பார்த்து, லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டுன்னு எந்தப் பொண்டாட்டியும் கத்தமாட்டா" என்றாள் கிளாடிஸ். "அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவளைத் தவிர!"

"என்னங்க பேசறீங்க?" கண்ணையா போர்வையை உதறிவிட்டு எழுந்தார். "எம்பொண்ணுக்குப் புருஷன்னா உசுருங்க!"

"நிஜம்தானுங்க. அதனாலதான் மாட்டிக்கிட்டாங்க. பேசாம நின்னிருந்தா இந்நேரம் வேலன் ஜீப்புல ஏறியிருப்பான். புருஷன் சாகறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியலை. ஏன்னா... அந்த ஜாக்கெட் அவருக்குன்னு தெச்சது இல்லைங்க."

"பின்ன...?"

"வருஷா வருஷம் தனியாப் பூஜைக்குப் போறது யாருங்க?"

கண்ணையா மகளைப் பார்த்தார். மறுபடியும் சேரில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு... நீயா?"

"நாந்தான்!" ஹர்ஷிணி வெடித்தாள். "குப்பை கொட்டற குழியா கிடந்ததை லேக் ஆக்குனது யாரு நைனா? நான்! ராப்பகலா நின்னு ரூம் கட்டுனது யாரு? நான்! போர்டுல யாரு பேரு? ஆதர்ஷ்! கோழி அடிச்சா ஈரல் மாப்பிள்ளைக்கு. புதுக் கார் மாப்பிள்ளைக்கு, ஓட்டை ஸ்கூட்டி எனக்கு. இப்ப திங்கக்கிழமை ரிசார்ட்டையே எழுதிக் குடுக்கப்போறீங்க... அதுவும் மாப்பிள்ளைக்கு! அதுக்கு முன்னாடி நீங்க போயிட்டா எல்லாம் எனக்குன்னு நினைச்சேன்."

"உனக்குக் குடுத்தா என்ன, அவருக்குக் குடுத்தா என்ன கண்ணு? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்னா எனக்கே குடுத்திருக்கலாமே!"

அப்படி ஒரு கேள்வி! அறுபது வயதில் இப்போதுதான் முதல்முறையாக அவர் காதில் விழுகிறது.

"உங்க கையிலதானே குடுத்தேன்? 'பழசு வேண்டாம் நைனா, இதைப் போட்டுக்கங்க'ன்னு சொல்லித்தானே குடுத்தேன்? பார்க்க மனசில்லாம உள்ள போயிட்டேன். அவரு ஏர்போர்ட்டுல இருக்காருன்னு நினைச்சேன். சத்தம் கேட்டு வந்து பார்த்தா ஆரஞ்சு கலர் அவரு மேல இருக்கு! ஏன் நைனா குடுத்தீங்க...? ஏன் அவருக்குக் குடுத்தீங்க...?"

கண்ணையா குனிந்து தன் பழைய ஜாக்கெட்டைப் பார்த்தார்.

"புதுசாச்சே கண்ணு... கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு. புதுசு அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். புதுசை நான் போட்டுக்கிட்டு, மாப்பிள்ளைக்குப் பழசை எப்படிக் குடுக்கறது...?"

ஹர்ஷிணி சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. கேட்கவே பயமாய் இருந்தது.

"உங்களுக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான் நைனா... அதையும் மாப்பிள்ளைக்கே குடுத்துட்டீங்களே!"

* * *

ஹர்ஷிணியை இரண்டு பெண் போலீஸார் வேனில் ஏற்றினார்கள்.

வேலன் கழுத்தைத் தேய்த்தபடி நின்றான். அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கதிர்வேல்கூடக் கேட்கவில்லை. குரங்குகள் திரும்பி வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தன. இனி அடுத்த ஏப்ரல் வரை அவற்றுக்கும் பட்டினிதான்.

ஜீப் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பியது. கதிர்வேல் போனைக் காதிலிருந்து எடுத்துப் பையில் போட்டான்.

"என்னங்க கதிர்வேல், அமைதியாயிட்டீங்க? உங்க லீவு சாங்ஷன். விருந்துக்குப் போயிட்டு வாங்க."

"வேண்டாமுங்க மேடம்... கேன்சல் பண்ணிப்போடுங்க."

"ஏன்?"

கதிர்வேல் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டான்.

"இப்பத்தான் மாமனார் போன் பண்ணினாருங்க... மாப்பிள்ளைக்குன்னு புதுசா ஏதோ எடுத்து வெச்சிருக்காராம்!"