பஞ்சுவின் இடது காது

மருந்துப் புட்டி நேற்றைவிட லேசாக இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள். நாம்தான் அதிகம் பீய்ச்சியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். எதிலும் அவளுடைய முதல் சந்தேகம் தன் மேல்தான்.

அக்காவும் மாமாவும் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் இவளும், இடது காதில் சீழ் பிடித்த அவர்களுடைய நாய் பஞ்சுவும் மட்டும். மாலையில் வகுப்பு முடிந்து வந்ததும், சமையலறைத் தரையில் பஞ்சுவுக்கு நேர் எதிரே மண்டியிட்டு, தொங்கும் காதுமடலைத் தூக்கி, மருந்தைப் பீய்ச்சி, காதின் அடியை விரல்களால் பிசைவாள். சளக், சளக் என்று உள்ளே கேட்டால்தான் மருந்து இறங்குவதாக அர்த்தம். "உள்ளே மட்டும் விரலை விட்டுடாதே" என்று கால்நடை டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

"ஒண்ணுமில்லடா தங்கம், முடிஞ்சிடுச்சு" என்று கையை எடுப்பாள். பஞ்சு தலையை உதறுவான். சுவரெல்லாம் துளிகள் தெறிக்கும்.

அக்கா தினமும் போனில் கேட்பாள். "என் பிள்ளை எப்படிடி இருக்கான்?"

"எந்தப் பிள்ளை? வயித்துல இருக்கறதை நீதான் பாத்துக்கணும்."

"வாயைப் பாரு. அவனுக்குக் காது போயிடுமோன்னு பயமா இருக்குடி. உன்னை நம்பித்தான் விட்டிருக்கேன்."

அன்று சாயங்காலம் கிளினிக்கில் டாக்டரம்மா பஞ்சுவின் பின்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இடது காது பளிச்சுனு ஆயிடுச்சே! நல்லா பிசைஞ்சு விட்டிருக்கே. ஆனா வலது காதுல எதுக்கு இவ்வளவு மருந்து? அதுல ஒண்ணுமே இல்லையே."

டாக்டரம்மா பிடித்திருந்த காதை அவள் பார்த்தாள். எதிரே உட்கார்ந்தால் தன் இடதுகைப் பக்கம் இருப்பது நாயின் வலது காது. இத்தனை நாளும் அதில்தான் ஊற்றியிருக்கிறாள். இடது காதை அவள் தொட்டதே இல்லை.

"வீட்ல வேற யாராவது போடறாங்களா?"

"நான் மட்டும்தான், டாக்டர்."

"அப்ப ராசியான கைதான்." டாக்டரம்மா சிரித்தார். "அது சரி, நீ ஏன் தலையை ஒரு பக்கமா சாய்ச்சே வெச்சிருக்கே? நாய்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சா?"

அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்தே தன் இடது காதில் நமைச்சல்.

வீட்டுக்கு வந்ததும் புட்டியை அலமாரியில் பூட்டினாள். வாசல் கதவு, பின்கதவு, ஜன்னல் கொக்கிகள் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் பிரித்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், எங்கோ ஓடும் மோட்டாரும், சமையலறைத் தரையில் பஞ்சுவின் நகங்கள் உரசுவதும் ஒவ்வொன்றாக அடங்கி, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஆனது.

பிறகு அந்தப் புளித்த மருந்து வாடை.

சளக்.

எழுந்து சமையலறை வாசல்வரை போனாள்.

பஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தான். இடது காதுமடல் செங்குத்தாகத் தூக்கி நின்றது. அதன் அடியில் ரோமம் பள்ளம் பள்ளமாக அமுங்கியது. எழும்பியது. மறுபடி அமுங்கியது.

சளக். சளக்.

பஞ்சு வாலாட்டிக்கொண்டிருந்தான்.

மடல் தொப்பென்று விழுந்தது. பஞ்சு தலையை உதறினான். துளிகள் தெறித்தன. சில சுவரைத் தொடவில்லை. மண்டியிட்ட ஒருவரின் முக உயரத்தில், வெறும் காற்றில், ஒட்டிக்கொண்டு நின்றன. மெல்ல வழிந்தன. கன்னத்தில் வழிவதுபோல.

பிறகு அவள் பக்கம் திரும்பின.

மேலே எழுந்தன. அவள் உயரத்துக்கு.

கால் நகரவில்லை. தலை தானாகச் சாய்ந்தது. இடது பக்கம்.

காதோர முடியை ஏதோ ஒதுக்கியது. ஜில்லென்று ஏதோ இறங்கியது.

சளக்.

"ஒண்ணுமில்லடி தங்கம்." அவளுடைய குரல். அவள் வாய் திறக்கவில்லை.

மீதிச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

விரல் உள்ளே போனது.