வெள்ளைப் பாறையின் முதுகு

மார்ச் 14, செவ்வாய், காலை 6:40. தீவின் தெற்குக் கால்வாயில் பயணிகள் படகு ஒன்று பாறைத்திட்டில் மோதி அடிப்பலகை பிளந்தது. பதினொரு பேர் மீட்கப்பட்டனர். ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது. மூன்று தபால் மூட்டைகள் கடலோடு போயின.

படகை ஓட்டியவர் தீவின் தபால்காரியுடைய அண்ணன். இருபத்திரண்டு வருடமாக அதே கால்வாயில் ஓட்டுகிறவர். எட்டரைக்குள் அவர் குடித்திருந்தார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் குடிப்பதில்லை என்று அறிந்தவர்கள், அப்படியானால் தூங்கியிருப்பார் என்றார்கள். நான்கு மணிக்குத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் துறைமுக அதிகாரியின் விசாரணை. உரிமம் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அண்ணன் போர்வைக்குள் சுருண்டிருந்தார்.

"குறி ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. நூல் புடிச்ச மாதிரி வந்தேன். திட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, தங்கச்சி."

தீவில் மூன்று வட்டாரங்கள். கரையோரம் துறை, தேவாலயத்தைச் சுற்றி நடுத்தெரு, குன்றின் மேல் மேடு. கடலிலிருந்து வருகிறவர் தேவாலய மணிக்கூண்டையும் அதன் பின்னால் குன்றிலுள்ள வெள்ளைப் பாறையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டால் கால்வாய் வழிவிடும். கொஞ்சம் பிசகினால் திட்டு. விடியற்காலை மூட்டத்தில் இந்த இரண்டையும் விட்டால் வேறெதுவும் தெரியாது.

9:15. தபால்காரி பையை மாட்டினாள். எந்தத் தபாலைக் கொடுக்கப் போகிறாய் என்று அண்ணி கேட்கும்போதே வாசலைத் தாண்டிவிட்டாள். வீட்டில் உட்காருவதைவிட நடப்பதே மேல்.

9:40. நடுத்தெரு. சுண்ணாம்புக்காரர் தேவாலயச் சுவரோரம் ஏணியில் நின்றார். வருடத்துக்கு ஒரு முறை வெள்ளைப் பாறைக்குப் பூசுகிறவர் அவர்தான். இரண்டு குடும்பத்துக்கும் பேசிவைத்த சம்பந்தம் முறிந்ததிலிருந்து அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. இந்த வருடம் இன்னும் பாறைக்குப் போகவில்லை, மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

10:20. குன்றுப் பாதை. பதினான்கு வருடமாக அவள் ஏறி இறங்கும் பாதை. பாறைக்குப் பின்புறமாகப் போகும். பாறை பக்கத்தில் பளிச்சென்று நின்றது. அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது, பல்லிடுக்கில் சிக்கிய நார் போல, எதுவென்று பிடிபடவில்லை.

10:45. மேட்டு வட்டாரத் தலைவர் அப்போதுதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலிலிருந்து பாறையின் முதுகு தெரியும், ஆனால் காலையில் எதையும் கவனிக்கவில்லை என்றார். "எட்டு மணிக்கு முன்னாடி எனக்குச் சூரியனே கிடையாதும்மா." படகுத்துறையைத் தன் வட்டாரத்துக்கு மாற்றவேண்டும் என்று பத்து வருடமாக மனுப் போடுகிறவர் அவர்.

11:30. துறை. விசைப்படகுக்காரர் தன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் அண்ணனுக்கு முன்னால் ஆறேகாலுக்குக் கால்வாயில் நுழைகிறவர்; இன்று இயந்திரக் கோளாறு, புறப்படவே இல்லை. பொதுவாக அனுதாபம் காட்டினார். குன்றுப் பக்கம் போனீர்களா என்று கேட்டாள்.

"நானா? பொறந்ததிலிருந்து தண்ணியிலேயே கிடக்கிறவன். மேடு ஏறுனா முட்டி போயிடும்."

1:50. அண்ணி வைத்த தட்டை அவள் தொடவில்லை. சாப்பாட்டை வெறித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். அந்தப் பாதையில் போகும்போது அவள் பார்த்துப் பழகியது வெறும் கரும்பாறையை. இன்று அது பின்பக்கமும் வெள்ளை.

மறுபடி குன்றேறினாள். வெள்ளைப் பாறையிலிருந்து மேற்கே நாற்பது அடி தள்ளி, சேறு அப்பிய பாறை ஒன்று. சேற்றை நகத்தால் சுரண்டினாள். அடியில் வருடா வருடம் பூசிய சுண்ணாம்பு, அடைபோல் ஏடு ஏடாக. இதுதான் உண்மையான குறி. மற்றது நேற்றிரவு யாரோ சுண்ணாம்பு பூசிய வேறொரு பாறை.

4:00. பங்கு மண்டபம். முழங்கை வரை சேறோடு வந்தவளைப் பார்த்து அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் கண்டதைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டினாள். காலையில் அவள் பேசிய மூவரையும் தனித்தனியாகக் கூப்பிடவேண்டும், பாறை விஷயத்தை அதுவரை சொல்லக்கூடாது. குறிப்பாறைக்கு ஒரு தடவை பூச எவ்வளவு சுண்ணாம்பு பிடிக்கும்? அவ்வளவுதான்.

சுண்ணாம்புக்காரர் அரை வாளி என்றார்.

தலைவர் சிரித்தார். "அரை வாளி. மிச்ச அரை வாளியில தன் வீட்டுச் சுவத்தையும் முடிச்சுக்குவான்."

விசைப்படகுக்காரர் யோசித்தார். "ரெண்டு வாளியாவது வேணும் சார்."

"ரெண்டா? எதுக்குண்ணே?" என்றாள் தபால்காரி.

"முன்னாடி, பின்னாடி எல்லாம் பூசணும்ல. பாறை முழுசும் வெள்ளைதானே."

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"கடலைப் பார்த்த பக்கம் மட்டும்தான் சார் எப்பவும் பூசுவாங்க. முதுகை யாரு பார்க்கப் போறா? மேட்டுக்கு நடந்து போறவங்களுக்கு அது தெரியும். பூசுறவருக்குத் தெரியும். தலைவர் வாசல்லேருந்தே பார்க்கலாம். கடல்லேருந்து மட்டுமே பார்த்தவருக்குத்தான் பாறை முழுக்க வெள்ளை. அவரே போய்ப் பூசினா, சுத்திச் சுத்திப் பூசுவார்."

அண்ணன் படகிடம் இருந்த தபால் ஏற்றும் உரிமை அடுத்த மாதம் புதுப்பிக்கப்படவிருந்தது. விபத்து நடந்த படகுக்கு அது கிடையாது; அடுத்து விசைப்படகுக்குத்தான் போகும்.

விசைப்படகுக்காரர் தன் முட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். காவலர் ஒருவர் துறைக்குப் போனார். விசைப்படகின் முன்பலகைக்கு அடியில் இரண்டு வாளிகள் கிடந்தன. ஓரங்களில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. ஒன்றுக்குள் நார்த் தூரிகை. ஆளுக்கு ஏதும் ஆகாது என்று நினைத்தேன், படகு மட்டும் தட்டி நிற்கும் என்று நினைத்தேன் என்று விசைப்படகுக்காரர் எழுதிக் கொடுத்தார்.

5:20. அதிகாரி வந்த அரசுப் படகில் அவரைக் காவலர் அக்கரைக்குக் கொண்டுபோனார். அதிகாரி அண்ணனின் உரிமத்தைத் தபால்காரியிடம் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உடைந்த படகைச் சரிசெய்யப் பதினேழு நாள் ஆயிற்று. விசைப்படகு சாட்சிப் பொருளாகக் கட்டப்பட்டிருந்ததால், அதுவரை தீவுக்குத் தபால் வரவில்லை.