காயாத செம்பழுப்பு

மற்ற வண்ணங்களெல்லாம் காய்ந்துவிட்டன. அந்தச் செம்பழுப்பு மட்டும் காயவில்லை. ஷெர்லின் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. மோந்தாள். வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயின் வாடையே இல்லை; புதுவெள்ளம் அடித்துவரும் மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை.

தென்காசியில், குற்றாலம் சாலையை ஒட்டிய வீட்டின் முன்னறையில் அந்தக் கேன்வாஸ் சுவரில் சாய்ந்து நின்றது. ஷெர்லினின் நிலக்காட்சிகளில் பாறை பாறையாக இருக்காது, மரம் மரமாக இருக்காது. தோளிலிருந்து கையை வீசி, அகலக் கத்தியால் எண்ணெய் வண்ணத்தை இழுப்பாள். அந்த வீச்சுதான் மலை, அந்த வீச்சுதான் அருவி. ஆள் உருவம் ஒருபோதும் வைத்ததில்லை.

போன மாதம் சிற்றாற்றங்கரையில் அவள் இதை வரைந்துகொண்டிருந்தபோது, அவளோடு சேர்ந்து வரையும் மணிகண்டபிரபு கீழே பாறைகளுக்கிடையில் குளித்துக்கொண்டிருந்தான். தெளிந்து வந்த தண்ணீர் ஆற்றின் மேற்பக்கத்தில் சிவந்தது. மலையில் மழை, வெள்ளம் வருகிறது. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நிறம். கண்முன்னே மாறிக்கொண்டிருந்த, இன்னொரு முறை கிடைக்காத நிறம். அதைக் குழைத்து ஒரே ஒரு வீச்சு இழுத்துவிட்டு அவனைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். இழுத்தாள். நிமிர்ந்தபோது பாறைகளே இல்லை.

உடல் கிடைக்கவேயில்லை. "நான் பாக்கதுக்குள்ள வெள்ளம் வந்துட்டு" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

இன்று மதியம் மணிகண்டபிரபுவின் அம்மா வடிவம்மாள் வந்தாள். சாரல் சன்னமாக இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை.

"கடைசியா அவன் இருந்த எடத்த நீ வரஞ்சிருக்கியாமே. ஒரு தடவ பாத்துக்கிடுதேன் தாயி."

ஷெர்லின் வழிவிட்டாள். வடிவம்மாள் படத்தின் முன் உட்கார்ந்தாள். நெடுநேரம் பார்த்தாள். மெல்ல முகம் மலர்ந்தது.

"இந்தா நிக்கான்லா."

"அதுல ஆளே இல்லம்மா. வெறும் வண்ணந்தான்."

"உன்னப் பாத்துதான் கையாட்டுதான். நீ குனிஞ்சு என்னமோ கொழச்சுக்கிட்டிருக்க."

அதை ஷெர்லின் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

"அம்மா, அன்னைக்கு நான்..."

வடிவம்மாளின் காதில் அது விழவில்லை. செம்பழுப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். விரல்கள் அமிழ்ந்தன. மணிக்கட்டு. முழங்கை. கேன்வாஸுக்குப் பின்னால் வெறும் சுவர்.

தண்ணீர் இரைச்சல். அறைக்குள்.

"புடி கெடச்சிட்டு" என்றாள் வடிவம்மாள். சிரித்தபடியே தோள்வரை உள்ளே போய்க்கொண்டிருந்தாள். "என் ஒருத்தியால இழுக்க முடியல. நீயும் ஒரு கை குடு மக்களே."

அவள் தோளுக்கருகே வண்ணம் பிளந்தது. சேறு வழிய ஓர் ஆணின் கை வெளியே வந்தது. ஷெர்லினை நோக்கி நீண்டது. விரல்களை விரித்தது. அவசரமில்லாமல் காத்திருந்தது.